ஐசோடோப்பு எண்கள் ஒத்துவராதபோது: எரிமலைப் பாறைகளுக்கு அறிகுறிவாரியான பிழை நீக்கம்

எரிமலைப் பாறையின் ஐசோடோப்பு விகிதங்களை (ஒரே தனிமத்தின் வெவ்வேறு நிறையுள்ள அணுக்களின் விகிதங்களை) அளந்து முடித்து வரைபடத்தில் புள்ளிகளைப் போடுகிறோம். ஒன்றிரண்டு புள்ளிகள் கூட்டத்தை விட்டுத் தள்ளி நிற்கின்றன. உடனே மேன்டிலில் (பூமியின் மேலோட்டுக்குக் கீழுள்ள பாறை அடுக்கில்) ஒரு புதிய மூலம் அகப்பட்டுவிட்டது என்று எழுதக் கை பரபரக்கும். இப்படித் தள்ளி நின்ற புள்ளிகளைப் பல வருடங்களாகத் திரும்பத் திரும்பச் சரிபார்த்ததில் எனக்குப் படிந்த வழக்கம் ஒன்று உண்டு. முதலில் கல்லைப் பார்ப்பேன். அப்புறம் தூள், அமிலம், கருவி, கணக்கு. மேன்டிலிடம் கடைசியில்தான் போவேன். கீழே உள்ள வரிசையும் அதுதான். ஒவ்வொரு அறிகுறியிலும் செலவில்லாத சோதனை முன்னால் வரும், பணமும் நாளும் பிடிப்பது பின்னால் வரும்.

தொடங்கும் முன் இவை மேசையில் இருக்கட்டும்: அதே கல்லின் மெல்லிய சீவல் (நுண்ணோக்கியில் பார்க்க), சூடேற்றும்போது ஏற்பட்ட எடை இழப்பு, அதே நாளில் அளந்த ஸ்டாண்டர்ட் (எண் முன்பே தெரிந்த ஒப்பீட்டுப் பொருள்) மதிப்புகள், அந்தத் தொகுதியின் பிளாங்க் (கல் இல்லாமல் ஓட்டிய வெற்று அளவீடு), அப்புறம் இடிக்காமல் மிச்சம் வைத்த கல் சில்லுகள். கடைசியாகச் சொன்னதைப் பலர் வைத்திருப்பதில்லை. முழுக்கல்லையும் தூளாக்கிவிட்டால் பாதிச் சோதனைகளுக்கு வழியே இல்லாமல் போய்விடும்.

## அறிகுறி 1: ஸ்ட்ரான்சியம் 87/86 ஏறியிருக்கிறது, நியோடைமியம் அசையவில்லை

அடிக்கடி வரும் கோளாறு இது. ஸ்ட்ரான்சியம் 87-க்கும் 86-க்கும் உள்ள விகிதத்தைக் கிடை அச்சிலும் நியோடைமியம் 143/144 விகிதத்தைச் செங்குத்து அச்சிலும் போட்டால், புள்ளி மேன்டில் பட்டையிலிருந்து (மேன்டிலில் பிறந்த கற்கள் விழும் சரிவான பட்டை) நேராக வலப்பக்கம் நகர்ந்து நிற்கும். சரிவாக இறங்காமல் கிடையாக நகர்ந்திருக்கிறது என்றால் தண்ணீரைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

உப்பா? கடற்கரையில் பொறுக்கிய கல், கடலடியிலிருந்து வாரி எடுத்த கல் இரண்டிலும் துளைகளுக்குள் கடலுப்பு காய்ந்து கிடக்கும். சில்லுகளைத் தூய நீரில் ஊறவைத்து, அந்த நீரில் ஒரு துளி சில்வர் நைட்ரேட் விடுங்கள். வெண்மையாகக் கலங்கினால் உப்பு இருக்கிறது. கலங்காத வரை நீரை மாற்றி மாற்றி ஊறவையுங்கள். இதைவிட மலிவான சோதனை இந்தத் துறையில் கிடையாது, ஆனாலும் பலர் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

துளைகளில் வெள்ளைக் கனிமமா? லாவாவின் வாயுக்குமிழ் துளைகளில் ஸியோலைட்டும் கால்சைட்டும் பின்னாளில் வந்து படியும். கால்சைட்டில் ஸ்ட்ரான்சியம் நிறைய இருக்கும், அது நிலத்தடி நீரிலிருந்தோ கடல்நீரிலிருந்தோ வந்தது. ஒரு சில்லின்மேல் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத் துளி விட்டால் நுரைக்கிறதா என்று பாருங்கள். நுரைத்தால் கல்லை அரிசி அளவுக்கு உடைத்து, நுண்ணோக்கியின் கீழ் வெள்ளை படிந்த சில்லுகளைப் பொறுக்கித் தள்ளுங்கள். முதுகு வலிக்கும் வேலைதான். ஆனால் இங்கே செலவிடும் ஒரு மணி நேரம் பின்னால் ஒரு வாரத்தை மிச்சப்படுத்தும்.

கல்லே மாறிவிட்டதா? மெல்லிய சீவலில் ஒலிவின் விளிம்புகள் செம்பழுப்பாகி இருக்கிறதா, கண்ணாடிப் பகுதி களிமண்ணாகி இருக்கிறதா என்று பாருங்கள். எடை இழப்பு 2 விழுக்காட்டைத் தாண்டினால் எச்சரிக்கை. இன்றைய கடல்நீரின் ஸ்ட்ரான்சியம் 87/86 ஏறத்தாழ 0.7092. நடுக்கடல் மலைத்தொடரின் புதிய பசால்ட்டில் அது 0.7025 முதல் 0.703 வரை. லிட்டருக்கு 8 மில்லிகிராம் ஸ்ட்ரான்சியம் உள்ள கடல்நீர், கல்லின் எடையைப்போல் பத்து மடங்கு ஊடுருவி முழுக்கக் கலந்தால், 120 பிபிஎம் (பத்து லட்சத்தில் 120 பங்கு) ஸ்ட்ரான்சியம் கொண்ட பசால்ட் 0.7026-இலிருந்து 0.7052 வரை ஏறிவிடும். அதே நீரால் நியோடைமியத்தை அசைக்க முடியாது. கடல்நீரில் நியோடைமியம் அவ்வளவு சொற்பம். பல லட்சம் மடங்கு நீர் வந்தால்தான் அது நகரத் தொடங்கும். ஒன்று ஏறி மற்றது அப்படியே நிற்பதன் காரணம் இதுதான்.

தீர்வு அமில அலசல். கழுவிய சில்லுகளை 6 நார்மல் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் 100 டிகிரி அருகே ஒரு மணி நேரம் சூடாக்கி, அமிலத்தை வடித்து, தூய நீரில் அலசுங்கள். அதிகம் மாறிய கல்லுக்கு இது போதாது. தூளை அமிலத்தில் போட்டு மீயொலித் தொட்டியில் இருபது நிமிடம் வைத்து, வடித்து, மறுபடி புது அமிலம். முதல் சில சுற்றுகளில் அமிலம் மஞ்சளாக வரும், வெளிறி நிறமற்றுப் போகும் வரை தொடருங்கள். பாதி எடை கரைந்து போனாலும் பதற வேண்டாம், போனது பெரும்பாலும் களிமண்தான்.

அலசல் போதுமா என்று எப்படித் தெரியும்? வடித்த அமிலத்தையும் எஞ்சிய கல்லையும் தனித்தனியாக அளவுங்கள். அமிலத்தில் வந்தது கடல்நீர் மதிப்பின் பக்கம் சாய்ந்து, எச்சம் இறங்கி வந்திருந்தால் வழி சரி. இன்னும் இரண்டு சுற்று அலசியும் எச்சத்தின் மதிப்பு மாறவில்லை என்றால் அதுவே கல்லின் எண்.

கருவியில் ரூபிடியமா? ரூபிடியம் 87-க்கும் ஸ்ட்ரான்சியம் 87-க்கும் நிறை ஏறத்தாழ ஒன்று. தனிமங்களைப் பிரித்தெடுக்கும் பிரிப்புத் தூணில் ரூபிடியம் சரியாக விலகாவிட்டால் விகிதம் பொய்யாக உயரும். நிறை 85-இல் சமிக்ஞை இருக்கிறதா என்று பாருங்கள். வெப்ப அயனியாக்கக் கருவி என்றால் ஓட்டத்தின் தொடக்கத்தில் விகிதம் உயர்ந்து, போகப்போக இறங்கி நிலைக்கும். ரூபிடியம் முதலில் எரிந்து போவதன் அடையாளம் அது. ஆர்கான் பிளாஸ்மா கருவி என்றால் வாயுவில் வரும் கிரிப்டான் 86-ஐயும் கவனியுங்கள், நிறை 83-இல் அது தெரியும். எப்படியானாலும் ஸ்ட்ரான்சியம் 84/86 மாறாமல் 0.0565 அருகே நிற்க வேண்டும். அது நகர்ந்திருந்தால் அந்த 87/86-ஐ நம்பாதீர்கள்.

இத்தனைக்குப் பிறகும் உயர்ந்தே நிற்கிறதா? அப்போது பைராக்சீன் படிகங்களைத் தனியே பொறுக்கி அளவுங்கள். அதில் ரூபிடியம் மிகக் குறைவு, தண்ணீரும் எளிதில் தீண்டாது. எல்லா உயர்ந்த எண்ணையும் அழுக்கு என்று தூக்கி எறியவும் கூடாது. சமோவா அருகே கடலடியிலிருந்து எடுத்த சில லாவாக்கள் 0.72-ஐத் தாண்டின. அவற்றின் பைராக்சீன் படிகங்களும் அதையே காட்டியதால்தான் அந்த எண் நின்றது. அங்கே நியோடைமியமும் கூடவே இறங்கியிருந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

படிகத்தின் மையமும் விளிம்பும் வேறு வேறு மதிப்பு காட்டும் என்ற சந்தேகம் வந்தால் நுண்துளைப்பான் அல்லது லேசர் வேண்டியிருக்கும். அந்த இடத்தில் அதற்கென்றே பழகியவரிடம் கொடுத்துவிடுங்கள்.

## அறிகுறி 2: வயதுத் திருத்தம் செய்தால் தொடக்க விகிதம் நம்ப முடியாத அளவு கீழே போகிறது

ரூபிடியம் 87 காலப்போக்கில் சிதைந்து ஸ்ட்ரான்சியம் 87 ஆகிறது, அப்படிச் சேர்ந்ததைக் கழிப்பதுதான் வயதுத் திருத்தம். சூரியக் குடும்பம் உருவானபோதே ஸ்ட்ரான்சியம் 87/86 ஏறத்தாழ 0.699. பூமியின் எந்தக் கல்லும் அதற்குக் கீழே தொடங்கியிருக்க முடியாது. உங்கள் கணக்கு 0.690 என்று சொன்னால் பிழை நிச்சயம்.

முதலில் வயதின் அலகையும் சிதைவு மாறிலியையும் சரிபாருங்கள். பழைய கட்டுரைகளில் ரூபிடியத்துக்கு ஒரு மாறிலி, புதியவற்றில் வேறொன்று. ஆனால் அந்த வித்தியாசம் 2 விழுக்காட்டுக்குள்தான். இவ்வளவு பெரிய சரிவுக்கு அது காரணமாகாது.

பெரும்பாலும் குற்றவாளி பின்னாளில் நுழைந்த ரூபிடியம். 270 கோடி ஆண்டு வயதுள்ள ஒரு லாவாவை எடுத்துக்கொள்வோம். அதன் உண்மையான ரூபிடியம்/ஸ்ட்ரான்சியம் விகிதம் 0.1, தொடக்கம் 0.7010. இன்று அது 0.7121 காட்ட வேண்டும். அண்மைக் காலத்தில் தண்ணீர் வந்து ரூபிடியத்தை இரட்டிப்பாக்கிவிட்டது என்றால், நாம் 0.2 என்று அளந்து, இரண்டு மடங்கு கழித்து, 0.6899-இல் போய் நிற்போம். இளம் கல்லில் இதே தவறு கண்ணுக்குத் தெரியாது. 6.6 கோடி ஆண்டு வயதில் அதே அளவு கலப்பு ஏறத்தாழ 0.0003 மட்டுமே இழுக்கும். சின்ன எண் என்று விட்டுவிடுவோம், பிறகு அதை வைத்தே இரண்டு லாவா அடுக்குகளைப் பிரித்து எழுதுவோம். அந்த ஆபத்து பெரிது.

சோதனை: பேரியம், தோரியம் போன்றவற்றோடு ரூபிடியத்தை ஒப்பிட்டுப் படம் போடுங்கள். ஒரே எரிமலையின் மற்றக் கற்கள் ஒரு கோட்டில் போக, உங்கள் கல் மட்டும் ரூபிடியத்தில் தனித்து மேலே அல்லது கீழே நிற்கிறதா? நின்றால் அந்த விகிதத்தை வைத்துத் திருத்தம் செய்யாதீர்கள்.

அமிலத்தில் அலசிய தூளிலும் ஒரு பொறி இருக்கிறது. அலசும்போதே ரூபிடியமும் ஸ்ட்ரான்சியமும் வெவ்வேறு அளவில் வெளியேறும். அலசிய கல்லின் விகிதமும் சரியில்லை, அலசாத கல்லின் விகிதமும் சரியில்லை என்ற நிலை வரும். பழைய பாறைகளுக்கு நான் அலசலை நம்பி உட்காருவதில்லை, நேரே பைராக்சீனுக்குப் போய்விடுவேன். அதுவும் இல்லாத கல்லில் ஸ்ட்ரான்சியத்தை விட்டுவிட்டு நியோடைமியம், ஹாஃப்னியம் இரண்டை மட்டும் வைத்துப் பேசுவது நேர்மையான வழி.

## அறிகுறி 3: ஒரே தூள், இரண்டு முறை, இரண்டு எண்

ஸ்டாண்டர்டும் நகர்ந்திருக்கிறதா? ஸ்ட்ரான்சியத்துக்கான ஸ்டாண்டர்டான என்பிஎஸ் 987 அன்றைக்கு 0.71025 தரவில்லை என்றால் கல்லைத் தொட வேண்டாம், கருவியைப் பாருங்கள். நியோடைமியத்துக்கு ஜேஎன்டிஐ-1 என்றால் 0.512115, பழைய லா ஹோயா ஸ்டாண்டர்ட் என்றால் 0.511858. இரண்டு ஆய்வகங்களின் எண்களை ஒப்பிடும்போது யார் எதற்குச் சரிசெய்தார்கள் என்று கேட்காமல் ஒப்பிடாதீர்கள். கல்லில் வேறுபாடு இல்லாமல் வெறும் சரிசெய்தலில் மட்டும் வேறுபாடு இருந்து, அதை விளக்கப் பக்கம் பக்கமாக எழுதியதை நான் பார்த்திருக்கிறேன்.

ஸ்டாண்டர்ட் சரி, கல் மட்டும் ஒத்துவரவில்லையா? அடுத்து, தெரிந்த கல் தூள் ஒன்றை உங்கள் மாதிரியோடு சேர்த்தே கரையுங்கள். ஹவாய் பசால்ட்டான பிஎச்விஓ-2 நல்லது. ஸ்ட்ரான்சியம் 0.70348, நியோடைமியம் 0.51298 அருகே வர வேண்டும். அது சரியாக வந்தால் வேதியியல் முறை குற்றமற்றது. அது பிசகினால் தூணும் அமிலமும் சந்தேகத்துக்குரியவை.

இரண்டும் சரியா? அப்படியென்றால் கரைசலைப் பாருங்கள். மூடிய குப்பியின் அடியில் வெண்மையான படிவு இருந்தால் கரையாத ஃபுளோரைடு. ஸ்ட்ரான்சியத்தையும் அரிய மண் தனிமங்களையும் அது பிடித்து வைத்துக்கொள்ளும். மறுபடி ஹைட்ரோகுளோரிக் அமிலம் விட்டு, மூடி, சூடாக்கித் தெளிய வையுங்கள். ரயோலைட் வகைக் கல்லில் ஸிர்கான் கரையாமல் தங்கி ஹாஃப்னியத்தைக் கெடுக்கும். அதற்கு உயர் அழுத்தக் கலம் வேண்டும்.

நியோடைமியம் மட்டும் ஆடினால் சமேரியம் 144 உள்ளே வருகிறதா என்று நிறை 147-இல் பாருங்கள். மாறக்கூடாத 145/144 விகிதம் 0.3484-இலிருந்து விலகியிருந்தால் அதுவே சாட்சி.

எல்லாம் சரியாக இருந்தும் ஆடினால், தூளே ஒருமைப்படவில்லை. பெரிய படிகங்கள் நிறைந்த கல்லில் 50 மில்லிகிராம் எடுத்தால் ஒரு முறை பிளாஜியோகிளேஸ் அதிகம் விழும், மறு முறை குறைவாக விழும். படிகமும் சுற்றியுள்ள பகுதியும் ஒரே மாக்மாவில் பிறக்காதவை என்றால் எண்ணும் மாறத்தான் செய்யும். இதைப் பிழை என்று ஒதுக்காமல், படிகத்தையும் நுண்மணிப் பகுதியையும் தனித்தனியே அளந்து பாருங்கள்.

இங்கே ஒரு வார்த்தை. இந்தக் கரைப்பு வேலைக்கு ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் வேண்டும். தோலில் பட்ட உடனே பல சமயம் வலிக்காமல், சில மணி நேரம் கழித்து உள்ளே எலும்பு வரை பாதிக்கும் அமிலம் அது. பயிற்சி இல்லாமல், புகைக்கூண்டு இல்லாமல், கால்சியம் குளுக்கோனேட் களிம்பு கைக்கெட்டும் தூரத்தில் இல்லாமல் தொடாதீர்கள். அவை இல்லை என்றால் அந்தக் கட்டத்தை ஆய்வகத்திடம் விட்டுவிடுங்கள்.

## அறிகுறி 4: ஈய ஐசோடோப்புப் புள்ளிகள் சிதறுகின்றன

முதலில் புள்ளிகள் எந்தச் சாய்வில் சிதறுகின்றன என்று பாருங்கள். 207/204-ஐச் செங்குத்தாகவும் 206/204-ஐக் கிடையாகவும் போட்ட படம் போதும், புதிய அளவீடு தேவையில்லை.

- சாய்வு ஏறத்தாழ 1.2 முதல் 1.3: கருவியில் நிறை சார்ந்த பாகுபாடு. விழுக்காட்டுக் கணக்கில் 206/204 இரண்டு பங்கு நகர்ந்தால் 207/204 மூன்று பங்கு, 208/204 நான்கு பங்கு நகரும். தாலியம் சேர்த்த அளவீடோ இரட்டை ஸ்பைக்கோ (விகிதம் தெரிந்த இரண்டு ஈய ஐசோடோப்புகளைச் சேர்த்து அளப்பது) இதைத் தீர்க்கும்.
- சாய்வு ஏறத்தாழ 0.8: நிறை 204 தவறாக எண்ணப்படுகிறது. மூன்று விகிதமும் ஒரே விழுக்காட்டில் ஆடும். வாயுவில் உள்ள பாதரசம் 204-ஐ நிறை 202 வழியாகத் தேடுங்கள். மாதிரி மிகச் சிறிதாக இருந்தாலும் இதே சிதறல் வரும்.
- சாய்வு 0.1 அருகே: இது கல்லின் சொந்தக் குரலாக இருக்கலாம். வட அரைக்கோளப் பசால்ட்டுகளுக்குப் புவிவேதியியலர் ஹார்ட் 1984-இல் வரைந்த ஒப்பீட்டுக் கோட்டின் சாய்வு 0.1084.

எந்தக் கோட்டிலும் அடங்காமல், ஒரே ஒரு இடத்தை நோக்கி எல்லாப் புள்ளிகளும் இழுபட்டால் அது அழுக்கு. நடுக்கடல் பசால்ட்டில் ஈயம் 1 பிபிஎம்-க்கும் கீழே. வெளியிலிருந்து துளி வந்தாலும் தாங்காது. ஒரு முறை ஒரே தொகுதியை மூன்று தடவை வேதியியல் செய்தும் அதே சிதறல் வந்தது. அமிலத்தை மாற்றினோம், தூணை மாற்றினோம், பிளாங்க் சுத்தமாகவே இருந்தது. கடைசியில் கல்லறுத்த வாளின் உலோகம் அறுத்த முகத்தில் படிந்திருந்ததுதான் காரணம் என்று புரிந்தது. பிளாங்க் என்பது அமிலத்தையும் குப்பியையும்தான் சோதிக்கிறது. வாளையும் உரலையும் அது பார்ப்பதில்லை. அன்றிலிருந்து அறுத்த முகங்களைச் சிலிக்கான் கார்பைடு தாளில் தேய்த்து எடுத்து, மீயொலியில் கழுவி, அப்புறம்தான் உடைக்கச் சொல்கிறேன். மாதிரி எண் எழுதிய பெயின்டையும் மறக்காதீர்கள்.

உரல் அகேட் அல்லது அலுமினாவாக இருக்கட்டும். டங்ஸ்டன் கார்பைடு உரல் டங்ஸ்டனையும் கோபால்ட்டையும் கொட்டும், டான்டலமும் நையோபியமும் கூடச் சேரும். தனிம விகிதங்கள் அங்கேயே கெட்டுப்போகும். உலகம் முழுக்கப் பயன்படும் ஒப்பீட்டுத் தூள்களுக்கே இந்தக் கதி உண்டு. பிஎச்விஓ-2 அரைக்கப்பட்டபோதே அதில் வெளி ஈயம் கலந்திருக்கிறது. அலசாமல் அதன் ஈய எண்ணை வைத்து உங்கள் முறையைக் குறை சொல்லாதீர்கள்.

அமில அலசல் ஈயத்துக்கு ஸ்ட்ரான்சியத்தைவிட நன்றாகவே பயன்படும், வெளி ஈயம் பெரும்பாலும் மேற்பரப்பில்தான் ஒட்டியிருக்கும். அலசியும் அடங்காவிட்டால், ஈயத்துக்கென்று தனிச் சுத்த அறை வைத்திருக்கும் ஆய்வகத்துக்கு சில்லுகளை அனுப்புங்கள். தூளை அனுப்பினால் அழுக்கையும் சேர்த்தே அனுப்புகிறீர்கள்.

## அறிகுறி 5: ஸ்ட்ரான்சியம் ஏறி, நியோடைமியம் இறங்கி, இரண்டும் கைகோத்துப் போகின்றன

இது பிழையே இல்லாமல் இருக்கலாம். கேள்வி வேறு: வழியில் மேலோட்டைக் கரைத்துக்கொண்டு வந்த மாக்மாவா, மேன்டிலின் மூலமே அப்படியா?

கையில் இருக்கும் தனிமப் பகுப்பாய்வே முதல் சோதனை. கடல் தீவு, நடுக்கடல் பசால்ட்டுகளில் சீரியம்/ஈயம் ஏறத்தாழ 25, நையோபியம்/யுரேனியம் ஏறத்தாழ 47. கண்ட மேலோட்டில் இரண்டுமே இதைவிட வெகு குறைவு. ஸ்ட்ரான்சியம் ஏறும்போது இவை இறங்கினால் மேலோட்டுக் கலப்பைச் சந்தேகியுங்கள். அறிகுறி 4-இல் சொன்ன ஈய அழுக்கும் முதல் விகிதத்தை இறக்கும், தண்ணீர் யுரேனியத்தைச் சேர்த்தால் இரண்டாவதும் இறங்கும் என்பதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, ஸ்ட்ரான்சியம் 87/86-ஐ 1/ஸ்ட்ரான்சியத்தோடு போடுங்கள். நேர்கோடு வந்தால் இரண்டு பொருள்களின் எளிய கலப்பு. வளைந்தால், படிகமாதலும் கரைத்தலும் ஒன்றாக நடந்திருக்கலாம். புவிவேதியியலர் டிபாவ்லோ 1981-இல் தந்த சமன்பாடுகளைப் பயன்படுத்துங்கள். கூடவே ஒரு எச்சரிக்கை: கலப்புக் கோடு, வயது கணக்கிடப் போடும் ஐசோக்ரான் படத்திலும் நேர்கோடாகவே விழும். அதன் சாய்விலிருந்து வயது கணக்கிட்டால் பொருளற்ற ஒரு வயது கிடைக்கும்.

மக்னீசியம் குறையக் குறையக் கலப்பு கூடும் என்றுதான் பாடத்தில் படிக்கிறோம். எப்போதும் அப்படி இல்லை. மிகச் சூடான, மக்னீசியம் மிகுந்த மாக்மாதான் சுவர்ப்பாறையை அதிகம் கரைக்கும் என்பதும் நடக்கும். டெக்கான் (தக்காண) பசால்ட்டின் சில அடுக்குகளில் இந்தத் தலைகீழ் உறவு தென்பட்டிருக்கிறது. அங்கே மேற்குத் தொடர்ச்சி மலையில் அம்பேனாலி அடுக்கு கலப்பு மிகக் குறைந்தது, ஸ்ட்ரான்சியம் 0.704 அருகே. புஷே அடுக்கில் அது 0.713-ஐத் தாண்டுகிறது. இரண்டும் ஒரே எரிமலைப் பெருக்கின் கற்கள். ஒரு அடுக்கை மட்டும் வைத்து மூலத்தைப் பற்றித் தீர்ப்புச் சொன்னால் எவ்வளவு தவறிப்போகும் என்று பாருங்கள்.

இவை முடிவு சொல்லவில்லை என்றால் ஒலிவினில் ஆக்சிஜன் அளவீடு, அதற்கும் மேலே ஆஸ்மியம். மேன்டிலில் ஆஸ்மியம் 187/188 ஏறத்தாழ 0.13, கண்ட மேலோட்டில் 1-க்கும் மேல். வேறுபாடு அவ்வளவு பெரிது என்பதால் சிறு கலப்பும் தெரிந்துவிடும். ஆனால் அடைத்த கண்ணாடிக் குழாயில் அமிலத்தை உயர் அழுத்தத்தில் சூடாக்கும் வேலை அது, குழாய் வெடிக்கலாம், ஆஸ்மியம் ஆக்சைடு நச்சு. தயங்காமல் அதற்கென்று இருக்கும் ஆய்வகத்திடம் போங்கள்.

## அறிகுறி 6: ஆக்சிஜன் எண் மேன்டிலை விட்டு விலகுகிறது

மேன்டிலின் டெல்ட்டா ஆக்சிஜன்-18 மதிப்பு (ஆக்சிஜன் 18/16 விகிதம் கடல்நீர் ஸ்டாண்டர்டிலிருந்து ஆயிரத்துக்கு எவ்வளவு விலகுகிறது என்ற எண்) +5.5‰ அருகே. ஒலிவின் படிகம் +5.2‰, புதிய பசால்ட் அதற்குச் சற்று மேலே.

முழுக்கல் 7, 8, 10 என்று ஏறினால்: குறைந்த வெப்பத்தில் நீரோடு கலந்து களிமண் உருவாகியிருக்கிறது. படிகங்களைப் பொறுக்கி அளந்தாலே போதும், படிகம் 5.2-இல் நின்றால் மாக்மாவுக்கும் அந்த உயர்வுக்கும் சம்பந்தமில்லை.

முழுக்கல் 5-க்குக் கீழே இறங்கினால்: சூடான நீர் ஓடியிருக்கிறது. ஓமானில் மேலே தூக்கப்பட்ட பழைய கடலடி மேலோட்டில் இரண்டையும் ஒரே இடத்தில் காணலாம். மேலேயுள்ள தலையணை லாவாக்கள் 10-ஐத் தாண்டுகின்றன, ஆழத்தில் மெதுவாக உறைந்த காப்ரோ பாறை 5-க்குக் கீழே போகிறது.

படிகமும் குறைந்திருந்தால் இரண்டு கிளை. மாக்மாவில் ஒன்றாக வளர்ந்தவை என்றால் பிளாஜியோகிளேஸ் பைராக்சீனைவிடச் சற்று மேலே நிற்கும். அந்த வரிசை தலைகீழானால், உறைந்த பிறகு சூடான நீர் பிளாஜியோகிளேஸை மட்டும் மாற்றிவிட்டது. கிரீன்லாந்தின் ஸ்கெர்கார்ட் ஊடுருவலில் நடந்தது இதுதான், அங்கே மழைநீர் உள்ளே போயிருக்கிறது. வரிசை சரியாக இருந்து எல்லாமே குறைந்திருந்தால், மாக்மாவே நீரால் மாறிய பழைய பாறையைக் கரைத்து விழுங்கியிருக்கிறது. ஐஸ்லாந்திலும் யெல்லோஸ்டோனிலும் அப்படிப்பட்ட லாவாக்கள் இருக்கின்றன. இதை உறுதி செய்ய ஒற்றைப் படிகத்தை லேசரால் அளக்க வேண்டும், அல்லது ஸிர்கானை அயனிக் கற்றையால் அளக்க வேண்டும். வீட்டு ஆய்வகத்தில் முடிகிற வேலை இல்லை.

## அறிகுறி 7: ஆர்கான் வயது அடுக்கோடு ஒத்துவரவில்லை

பொட்டாசியம் சிதைந்து உண்டாகும் ஆர்கானை அளந்து கல்லின் வயதைக் கணக்கிடும் முறை இது. மேலே கிடக்கும் லாவா கீழுள்ளதைவிட வயது கூடியதாக வருகிறதா? முதலில் மாதிரிப் பைகள் மாறிவிட்டனவா என்று பாருங்கள், சிரிக்க வேண்டாம், நடந்திருக்கிறது. அடுத்து, ஒப்பிடும் இரண்டு வயதும் ஒரே கண்காணிப்புக் கனிம (மாதிரியோடு சேர்த்து அளக்கும், வயது தெரிந்த கனிமம்) மதிப்பில் கணக்கிடப்பட்டவையா? ஃபிஷ் கேன்யன் சானிடினுக்கு 2.802 கோடி ஆண்டு வைத்தவர்களும் உண்டு, 2.8201 கோடி வைத்தவர்களும் உண்டு. 6.6 கோடி ஆண்டுக் கல்லில் இது மட்டுமே நான்கு லட்சம் ஆண்டுக்கு மேல் நகர்த்தும்.

வயது குறைவாக வந்தால் ஆர்கான் கசிந்திருக்கிறது, கண்ணாடியும் களிமண்ணும்தான் வழக்கமான ஓட்டைகள். அதிகமாக வந்தால் வெளியிலிருந்து வந்து சிக்கிய ஆர்கான். படிப்படியாகச் சூடேற்றிய வரைபடம் குதிரைச் சேணம்போல் நடுவில் குழிந்தால் பெரும்பாலும் இதுதான். ஐசோக்ரானின் வெட்டுப்புள்ளி வளிமண்டலத்தின் ஆர்கான் 40/36 மதிப்பான 298.56-ஐவிடத் தெளிவாக மேலே இருந்தால் உறுதி. மிக நுண்ணிய மணிகளில் அணு உலைக் கதிர்வீச்சின்போது ஆர்கான் 39 எகிறி வெளியேறும் பிரச்சினையும் சேரும்.

தீர்வு புதிய சில்லுகள், புதிய கதிர்வீச்சு. அணு உலை இடம்பெறும் வேலை என்பதால் இந்த அறிகுறிக்கு நிபுணர் தொடக்கத்திலிருந்தே கூட இருப்பார். நீங்கள் செய்யக்கூடியது அவருக்கு நல்ல மெல்லிய சீவலைக் காட்டுவது.

## அறிகுறி 8: இளம் லாவாவில் யுரேனியத் தொடர் எண்கள் குழம்புகின்றன

ஒரே ஒரு எண்ணைப் பாருங்கள்: யுரேனியம் 234/238 செயல்பாட்டு விகிதம் (இரண்டும் சிதையும் வேகங்களின் விகிதம்). மாறாத லாவாவில் அது 1. கடல்நீரில் 1.146 அருகே. அளவீட்டுப் பிழையைத் தாண்டி 1-ஐ விட்டு விலகினால் அந்தக் கல்லின் தோரியம் 230 எண்ணை வைத்து மாக்மாவைப் பற்றிப் பேச வேண்டாம். விகிதம் 1 ஆகவே இருந்தாலும் ரேடியத்தைத் தனியாகச் சோதியுங்கள். ரேடியம் 226-இன் அரைவாழ்வு 1,600 ஆண்டுகள். பத்தாயிரம் ஆண்டுக்கும் மூத்தது என்று தெரிந்த லாவாவில் ரேடியம் மிகுதியாக நின்றால் அது பின்னாளில் வந்தது.

## அறிகுறி 9: ஹீலியம் 3/4 திடீரென்று வானத்துக்கு ஏறுகிறது

நடுக்கடல் பசால்ட்டில் இது வளிமண்டலத்தைப்போல் 8 மடங்கு, ஹவாயின் லோய்ஹி என்ற கடலடி எரிமலையில் (2021 முதல் அதன் பெயர் காமாஎஹுவாகனலோவா) 30 மடங்கு அளவு. உங்கள் ஒலிவின் இவற்றையெல்லாம் தாண்டினால் ஆழ்மேன்டில் என்று எழுதும் முன், கல் எங்கே கிடந்தது என்று கேளுங்கள். வெயிலில் கிடந்த பாறை முகத்தில் அண்டக்கதிர்கள் ஹீலியம் 3-ஐ உண்டாக்கும். அது படிகத்தின் உடலுக்குள் இருக்கும், மாக்மாவின் ஹீலியமோ படிகத்துக்குள் சிக்கிய நுண்குமிழ்களில் இருக்கும். எனவே வெற்றிடத்தில் படிகங்களை நசுக்கி மட்டும் வாயுவை எடுக்கச் சொல்லுங்கள். பிறகு அதே தூளை உருக்கி அளக்கட்டும். உருக்கியதில் மட்டும் விகிதம் எகிறினால் காரணம் அண்டக்கதிர். அடுத்த முறை சாலை வெட்டிலோ கல்குவாரியிலோ ஒன்றிரண்டு மீட்டர் உள்ளேயிருந்து மாதிரி எடுங்கள், எடுத்த ஆழத்தைப் பையின்மேல் எழுதி வையுங்கள்.